ஓட் தானியமும் பெருஞ்செல்லும்: ஒரு நுரையீரல் புற்றின் பெயர் வரலாறு

நோய்களின் பெயர்கள் பெரும்பாலும் காரணப்பெயர்களாகவே தோன்றுகின்றன. முதலில் கண்டவர் தாம் கண்டதைக் கொண்டு பெயரிடுகின்றார். காலம் செல்லச் செல்ல அக்காரணம் மறைந்தும் திரிந்தும், சில வேளைகளில் முற்றிலும் பொய்த்தும் போகப் பெயர் மட்டும் நிலைத்து நிற்கிறது. நன்னூல் உரைகள் காரண இடுகுறிக்கு எடுத்துக்காட்டும் 'முள்ளி' என்னும் சொல் இங்கு நினைக்கத்தக்கது. முள்ளுடைய செடிகள் அனைத்திற்கும் பொருந்தக்கூடிய அப்பெயர் வழக்கில் ஒரு செடிக்கே உரியதாயிற்று. நோயியல் கலைச்சொற்களில் இத்தகைய முள்ளிகள் பல உள. அவற்றைக் காரணப்பெயர் என்றே கொண்டு உறுப்புறுப்பாகப் பெயர்க்கும்போது மொழிபெயர்ப்பு சொல்லளவில் சரியாகவும் பொருளளவில் தவறாகவும் முடிகிறது.

ஆங்கிலத்தில் 'லார்ஜ் செல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா' என வழங்கும் நுரையீரல் புற்று இதற்குத் தக்க சான்றாகும். இது அரிய நோய். நுரையீரல் புற்றுகளில் ஏறத்தாழ 3 விழுக்காடே இவ்வகையைச் சார்ந்தது. விரைந்து வளர்ந்து பிற உறுப்புகளுக்குப் பரவும் இயல்பினது. நோயுற்றோருள் மிகப் பலர் நெடுங்காலம் புகைபிடித்தவர்கள். இதனைத் தனியொரு வகையாக வரையறுத்துப் பெயரிட்டது 1991ஆம் ஆண்டில்தான். ஆயினும் அப்பெயரின் உறுப்புகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்துக்குரியவை. 'கார்சினோமா' கிரேக்க மருத்துவத்திலிருந்து வந்தது. 'பெருஞ்செல்' என்பது உருப்பெருக்கியால் அளந்து பெயரிட்ட காலத்தின் எச்சம். 'நியூரோஎண்டோகிரைன்' என்பது 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுந்து, பின்னர்க் கைவிடப்பட்ட ஒரு கொள்கையின் தடத்தைத் தாங்கியது. இப்பெயர் உருவான வழியை அறிய, இதன் உடன்பிறப்பு எனத்தக்க மற்றொரு புற்றின் பெயர் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

சுரங்கத்தில் கண்ட 'சார்கோமா'

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள ஷ்னீபெர்க் சுரங்கங்களில் உழைத்தவர்களை ஒரு நெஞ்சு நோய் நூற்றாண்டுகளாக வாட்டி வந்தது. 'பெர்க்' என்னும் ஜெர்மன் சொல் மலையையும் குறிக்கும். கூட்டுச்சொற்களில் சுரங்கத் தொழிலையும் குறிக்கும். ஆகவே 'பெர்க்கிராங்க்ஹைட்' என வழங்கிய அந்நோயை 'மலைநோய்' என்று பெயர்த்தால், உயர்ந்த மலைகளில் ஏறுவோர்க்கு வரும் மூச்சுத்திணறல் என்றே படிப்பவர் கருதுவர். 1879ஆம் ஆண்டில் ஹேர்ட்டிங், ஹெஸ்ஸெ என்னும் மருத்துவர் இருவர், இறந்த தொழிலாளர் உடல்களை ஆராய்ந்து, அந்நோய் நுரையீரலில் தோன்றும் புற்றே என்று எழுதினர். தொழிலொன்றினால் உள்ளுறுப்பில் புற்று உண்டாகும் என்பதைக் காட்டிய முன்னோடி ஆய்வாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. ஆயின் அவர்கள் அப்புற்றுக்கு இட்ட வகைப்பெயர் 'லிம்ஃபோசார்கோமா' என்பதாகும்.

இப்பெயரின் பிழையை உணர, கார்சினோமா, சார்கோமா என்னும் இரண்டின் வேறுபாட்டை அறிதல் வேண்டும். கார்சினோமா நண்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. சார்கோமா தசையைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. பழைய வழக்கில் இவை தோற்றம்பற்றிய பெயர்களே. 1860களில் தியர்ஷ், வால்டையர் ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பின்னர் கார்சினோமா என்பது எபிதீலியம் எனப்படும் மேற்படலத் திசுவில் பிறக்கும் புற்று என்னும் வரையறை நிலைபெற்றது. எலும்பு, தசை, இணைப்புத் திசு முதலியவற்றில் பிறப்பன சார்கோமா எனப்பட்டன. ஆக, நண்டும் தசையும் மறைந்து, பிறப்பிடம்பற்றிய ஒரு முரணிணையாக இவ்விரு சொற்களும் மாறின.

ஷ்னீபெர்க் புற்றில் காணப்பட்ட செல்கள் சிறியவை. உட்கருவைச் சுற்றிச் செல்பொருள் மிகக் குறைவு. நிணநீர் முடிச்சுகளில் நிறைந்திருக்கும் லிம்ஃபோசைட் செல்களை அவை ஒத்திருந்தன. மார்பின் நடுப்பகுதியில் உள்ள நிணநீர் முடிச்சுகளில் பெருங்கட்டியாகத் திரண்டதனால் அங்கேயே தோன்றியவை போலவும் தெரிந்தன. எனவே, நுரையீரலின் மூச்சுக்குழல் படலத்தில் பிறந்த ஒன்று நிணத்திசுவில் பிறந்ததாகப் பெயர் பெற்றது. உருவ ஒப்புமை பிறப்பின் சான்றாகக் கொள்ளப்பட்டதே இப்பிழையின் வேர்.

ஓட் தானியம்

1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நோயியலறிஞர் டபிள்யூ.ஜி. பார்னார்ட் ஒரு கட்டுரை வெளியிட்டார். மார்பு நடுப்பகுதியின் 'ஓட் செல் சார்கோமா' எனப்படுவதன் இயல்பு யாது என்பதே அதன் பொருள். தலைப்பிலேயே அவர் அப்பெயரை மேற்கோட்குறிகளுக்குள் வைத்திருந்தார். பெயர் முன்பே வழக்கில் இருந்தது என்பதையும், அதனை அவர் ஏற்கவில்லை என்பதையும் அக்குறிகளே உணர்த்திவிடுகின்றன. அக்கட்டிகள் மூச்சுக்குழலில் பிறந்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியவை என்றும், ஆகவே அவை கார்சினோமாவே என்றும் அவர் நிறுவினார். ஒரு சொல்லின் மாற்றத்தால் ஒரு நோய் உடலின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்ந்தது எனலாம்.

இதில் மொழியியலார் நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. திருத்தம் பெற்றது பெயர்ச்சொல் மட்டுமே. அடை அப்படியே நின்றது. 'ஓட் செல் சார்கோமா' என்பது 'ஓட் செல் கார்சினோமா' ஆயிற்று. ஓட் தானியத்தின் மணி நடுவில் சற்றுப் பருத்து இருமுனையும் குவிந்து நீண்டிருக்கும். உருப்பெருக்கியில் கண்ட செல்களும் அவ்வாறு குறுங்கதிர் வடிவில் தோன்றியமையால் அப்பெயர் எழுந்தது. ஓட் விளையும் நாட்டினர்க்கு இது கண்முன் நிற்கும் உவமை.

அந்த உவமை பிற மொழிகளுக்கும் சென்றது. ஜெர்மானியர் தம் சொல்லான 'ஹாஃபர்' என்பதைச் செல்லுடன் சேர்த்தனர். பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் ஆகிய மொழிகளும் தத்தம் ஓட் தானியப் பெயரையே ஆண்டன. அரிசி உண்ணும் சீனரும் ஜப்பானியரும்கூட ஓட் தானியத்திற்குத் தங்கள் எழுத்து வழக்கில் உள்ள சொல்லையே நேராகப் பெயர்த்து வைத்தனர். அச்சொல்லின் முதலெழுத்து தகைவிலான் என்னும் பறவையைக் குறிப்பது. தமிழ் அகராதிகளில் ஓட் தானியத்திற்குக் காணப்படும் 'காடைக்கண்ணி' என்னும் சொல்லிலும் ஒரு பறவை இருக்கிறது. இரண்டும் தற்செயலே. ஆனால் 'காடைக்கண்ணிச் செல் புற்று' என்று தமிழில் எழுதினால் செல்லின் வடிவம் படிப்பவர் மனத்தில் தோன்றாது. கடைகளில் இன்று கிடைக்கும் ஓட்ஸ் தட்டையாக நசுக்கப்பட்ட அவல் வடிவினது. அதனை நினைப்பவர்க்கும் வடிவம் தவறாகவே தோன்றும். உவமையின் பயனை மட்டும் கருதினால் 'நென்மணி' என்பதே தமிழர்க்கு நெருங்கியது. ஆயினும் உவமையைக் காப்பதா, பெயரைக் காப்பதா என்னும் வினாவிற்கு விடை தேடுமுன், ஆங்கிலத்திலேயே அவ்வுவமைக்கு நேர்ந்ததைக் காண வேண்டும்.

உலக நலவாழ்வு நிறுவனம் நுரையீரல் கட்டிகளுக்கான தன் முதற் பகுப்புமுறையை 1967ஆம் ஆண்டில் வெளியிட்டது. நார்வே நாட்டு நோயியலறிஞர் லெய்வ் கிரெய்பெர்க் அதில் முதன்மையான பங்காற்றினார். சிறுசெல் கார்சினோமா அதில் கதிர்வடிவச் செல் வகை, பலகோணச் செல் வகை, லிம்ஃபோசைட் போன்ற செல் வகை, பிற என நான்காகப் பிரிக்கப்பட்டது. 'ஓட் செல்' என்னும் பெயர் அங்குக் கதிர்வடிவ வகைக்குத் தரப்படவில்லை. லிம்ஃபோசைட் போன்ற உருண்டைச் செல் வகைக்கே தரப்பட்டது. நீண்ட மணியைக் கண்டு எழுந்த பெயர் உருண்டைச் செல்லுக்கு உரியதாயிற்று. முள்ளில்லாத செடிக்கு முள்ளி என்ற பெயர் சென்று சேர்ந்தது போன்றது இது.

1981ஆம் ஆண்டின் இரண்டாம் பகுப்பில் ஓட் செல் வகை, இடைநிலைச் செல் வகை, கலப்பு வகை என மூன்று வைக்கப்பட்டன. ஆயின், ஒரே கண்ணாடித் தகட்டைக் கண்ட நோயியலார் ஓட் செல் என்றும் இடைநிலைச் செல் என்றும் வேறுபட்டு உரைத்தனர். நோயாளியின் ஆயுளிலும் இவ்விரு வகையால் வேறுபாடு தோன்றவில்லை. திசுத் துணுக்கு எடுக்கப்படும்போது நசுங்குவதும், பதப்படுத்துமுன் செல்கள் சிதைந்து சுருங்குவதும் ஓட் வடிவத்திற்குப் பெரிதும் காரணம் என்பது தெளிவாயிற்று. உயிரோடு இருந்த செல்லின் இயல்பெனக் கருதப்பட்டதில் ஒரு பகுதி, செல்லை எடுத்த கருவி தந்த வடிவமாகும். நுரையீரல் புற்று ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் நோயியற் குழு 1988ஆம் ஆண்டில் இப்பிரிவைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. 1999ஆம் ஆண்டின் மூன்றாம் பகுப்பில் ஓட் தானியத்திற்கு இடமில்லை. சிறுசெல் கார்சினோமாவும் அதன் கலப்பு வடிவமும் மட்டுமே நின்றன. எனினும் மருத்துவர்தம் பேச்சில் அப்பழைய பெயர் இன்னும் முற்றிலும் வழக்கொழியவில்லை.

'அல்லாத' என்னும் பெயர்

பெயரிடல் வெறும் சொல்லாராய்ச்சியாக அமையவில்லை. பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் சிறுசெல் கார்சினோமா உற்ற 144 பேரிடம் அறுவை மருத்துவத்தையும் கதிர் மருத்துவத்தையும் ஒப்பிட்டது. அதன் பத்தாண்டு முடிவு 1973இல் வெளியாயிற்று. அறுவைக்கு ஒதுக்கப்பட்டோர் சராசரியாக 199 நாளும், கதிர் மருத்துவத்திற்கு ஒதுக்கப்பட்டோர் 300 நாளும் வாழ்ந்தனர். கத்தியால் நீக்க முயல்வது இந்நோயில் பயன் தாராது என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. மருந்துகளுக்கு இது விரைந்து கட்டுப்படுவதும், பின்னர் விரைந்தே மீள்வதும் அக்காலத்தில் அறியப்பட்டன. மருத்துவர்க்கு அப்போது தேவைப்பட்டது ஒரே விடை: இது சிறுசெல்லா, அன்றா?

இவ்வினாவிலிருந்தே 'சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்று' என்னும் பெயர் பரவியது. செதிட்செல் கார்சினோமா, சுரப்பிக் கார்சினோமா, பெருஞ்செல் கார்சினோமா என்னும் வேறுபட்ட மூன்றை ஓர் எதிர்மறையால் ஒன்றாக்கிய பெயர் இது. ஒன்றன் இன்மையால் மற்றொன்றை வகுக்கும் இம்முறை மருத்துவர்க்கு வசதியாயினும் நோயியலுக்கு வறுமையே. 2000ஆம் ஆண்டிற்குப்பின் வந்த புதிய மருந்துகள் சில சுரப்பிக் கார்சினோமாவுக்குப் பயன்பட்டுச் செதிட்செல் கார்சினோமாவுக்குத் தீங்கு செய்யவும் கூடும் என அறியப்பட்டது. அப்போது 'அல்லாத' என்று மட்டும் எழுதி நிறுத்துவதைக் கூடியவரை தவிர்க்குமாறு 2011ஆம் ஆண்டில் பன்னாட்டு அறிஞர் குழு அறிவுறுத்த நேர்ந்தது.

வெளிப்படையான எதிர்மறையைவிட மறைந்திருக்கும் எதிர்மறையே மொழிபெயர்ப்பாளரை அதிகம் ஏமாற்றும். 'பெருஞ்செல் கார்சினோமா' என்பது உடன்பாட்டுப் பெயர் போலத் தோன்றுகிறது. உண்மையில் சுரப்பி அமைப்பும் இல்லை, கெராட்டினும் இல்லை, சிறுசெல்லும் இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிய பின் எஞ்சுவதே அது. செல் பெரிது என்பதால் மட்டும் ஒரு புற்று அப்பெயர் பெறுவதில்லை. நுரையீரலின் சுரப்பிக் கார்சினோமாவிலும் செல்கள் பெரியனவே.

புற்றுப் போன்றது

இனி 'நியூரோஎண்டோகிரைன்' என்னும் உறுப்பிற்கு வரலாம். 1907ஆம் ஆண்டில் ஜெர்மன் நோயியலறிஞர் சீக்ஃபிரீட் ஓபெர்ன்டார்ஃபர் சிறுகுடலில் தோன்றும் ஒருவகைச் சிறு கட்டிகளைக் 'கார்சினாய்டு' என்றழைத்தார். புற்றுப் போன்றது, புற்று அன்று என்பது கருத்து. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின், 1929இல், அவற்றுள் சில பரவிக் கொல்லவும் வல்லன என அவரே திருத்தம் எழுதினார். பெயரோ திருந்தவில்லை. 1937இல் ஹாம்பெர்ல் மூச்சுக்குழலிலும் இவ்வகைக் கட்டி உண்டு என விளக்கினார். 1972இல் அர்ரிகோனியும் உடனாய்வாளரும் நுரையீரல் கார்சினாய்டுகளுள் செல்பிரிவு மிகுந்து, விரைந்து பரவும் ஒரு பகுதியைப் பிரித்து 'வழக்கமல்லாக் கார்சினாய்டு' என்றனர். 'புற்றுப் போன்றது' என்பதன் முன் 'வழக்கமல்லாத' என ஓரடை சேர்த்து, ஏறத்தாழப் புற்று என்னும் பொருளை வருவித்தது சொல்லாக்க வரலாற்றில் ஒரு விந்தையே.

இக்கட்டிகளின் மூலச்செல் எது என்பதே அடுத்த வினா. குடற்படலத்தில் சிறுமணிகள் நிறைந்த தனிச்செல்களை ரஷ்ய அறிஞர் குல்சிட்ஸ்கி 1897இல் விளக்கியிருந்தார். ஆஸ்திரிய அறிஞர் ஃபெய்ர்ட்டர் 1938இல், சாயத்தை மங்கலாக ஏற்கும் இத்தகைய செல்கள் உடலின் பல படலங்களில் சிதறிக் கிடந்து, ஒன்றாகவே ஓர் உறுப்புப் போல இயங்குகின்றன என்றார். 1968இல் பென்ஷ் முதலியோர் எலெக்ட்ரான் உருப்பெருக்கியில் ஓட் செல் கார்சினோமாவினுள்ளும் அதே சிறுமணிகளைக் கண்டு, அதற்கும் கார்சினாய்டுக்கும் உறவு உண்டெனக் கூறினர். மெல்ல வளரும் கார்சினாய்டும் மிகக் கொடிய சிறுசெல் புற்றும் ஒரு குடும்பத்தவை என்னும் கருத்து அங்கிருந்தே வலுப்பெற்றது.

லண்டனில் பணியாற்றிய பியர்ஸ் 1960களில் இச்செல்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாக்கி, அவை கருவின் நரம்பு முகட்டிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவை என்னும் கொள்கையை முன்வைத்தார். 'நரம்பு' என்னும் உறுப்புக்கு அக்கொள்கை பிறப்புவழிப் பொருளைத் தந்தது. 1970களில் பிரான்சில் நிக்கோல் லெ துவாரெனும் உடனாய்வாளரும் காடைக் கருவின் திசுவைக் கோழிக் கருவில் ஒட்டி வளர்த்து, குடலின் அகச்சுரப்புச் செல்கள் நரம்பு முகட்டில் பிறப்பன அல்ல என நிறுவினர். நுரையீரற் செல்களும் மூச்சுக்குழல் படலத்திலேயே பிறப்பன என்பது பின்னர் உறுதியாயிற்று. கொள்கை வீழ்ந்தது, சொல் வீழவில்லை. இன்று 'நியூரோ' என்பது பிறப்பைக் குறிப்பதில்லை. சினாப்டோஃபிசின், குரோமோகிரானின், சி.டி.56 முதலிய புரதங்களும் சுரப்பு மணிகளும் நரம்புச் செல்லுக்கும் இவற்றுக்கும் பொதுவாக உள்ளன என்பதையே குறிக்கிறது. ஷ்னீபெர்க்கில் நேர்ந்ததைப் போலவே ஒப்புமை பிறப்பாகக் கொள்ளப்பட்டு, பின்னர் மீண்டும் ஒப்புமையாகத் தளர்ந்தது.

1991: பெயரற்றதற்குப் பெயர்

1980களில் மூன்று வகைகளே அக்குடும்பத்தில் ஏற்கப்பட்டிருந்தன: கார்சினாய்டு, வழக்கமல்லாக் கார்சினாய்டு, சிறுசெல் கார்சினோமா. இம்மூன்றிலும் அடங்காத கட்டிகளும் நோயியலார் மேசைக்கு வந்தவண்ணம் இருந்தன. அவற்றின் செல்கள் சிறுசெல்லைவிடப் பெரியன. கார்சினாய்டின் ஒழுங்கு ஓரளவு இருந்தது. செல்பிரிவோ மிகக் கடுமையானது. வில்லியம் டிராவிஸும் உடனாய்வாளரும் 35 கட்டிகளை ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட கட்டுரையில் நான்காவது வகையாகப் 'பெருஞ்செல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா' என்பதை முன்மொழிந்தனர்.

அவர்கள் தந்த வரையறை எளிதன்று. செல்கள் கூடுகளாகவும், விளிம்பில் வேலிக்கழிகள் நட்டாற்போல வரிசையாகவும், இடையிடையே இதழ்வட்டமாகவும் அமைந்திருத்தல் வேண்டும். செல்பொருள் மிகுந்து, உட்கருவினுள் நுண்கரு தெளிவாகத் தெரிதல் வேண்டும். செல்பிரிவு மிகுதியாகவும் திசு மடிந்த பகுதிகள் பரந்தும் இருத்தல் வேண்டும். இவற்றோடு மேற்கூறிய புரதங்களுள் ஒன்றேனும் சாயச்சோதனையிலோ, சுரப்பு மணிகள் எலெக்ட்ரான் உருப்பெருக்கியிலோ காணப்படுதல் வேண்டும். முதற் பகுதி கண்ணுக்குரியது. இறுதிப் பகுதி வேதியியலுக்குரியது. உருவம் மட்டுமே இருந்தாலும் போதாது, புரதம் மட்டுமே இருந்தாலும் போதாது.

செல்பிரிவின் எண்ணிக்கையும் ஒரு சொற்சிக்கலைத் தோற்றுவித்தது. தொடக்கத்தில் 'பத்து உயர்பெருக்கப் புலங்களில் இத்தனை' என எண்ணினர். உருப்பெருக்கியின் ஆடிக்கேற்பப் புலத்தின் பரப்பு மாறும். ஆகவே ஒரே சொற்றொடர் ஓர் ஆய்வகத்தில் ஓர் அளவையும் மற்றோர் ஆய்வகத்தில் வேறோர் அளவையும் குறித்தது. பின்னர் 2 சதுர மில்லிமீட்டர் என்னும் நிலையான பரப்பு அளவாயிற்று. அப்பரப்பில் 2க்குக் குறைவாயின் கார்சினாய்டு. 2 முதல் 10 வரை வழக்கமல்லாக் கார்சினாய்டு. 10க்கு மேற்பட்டால் பெருஞ்செல், சிறுசெல் கார்சினோமாக்கள். இவ்விரு கடைசி வகைகளிலும் எண்ணிக்கை பல வேளைகளில் 60, 70 என்று உயரும். திசு மடிந்திருத்தலும் கணக்கிற்கொள்ளப்படும். மடிந்த புள்ளி காணின் எண்ணிக்கை குறைவாயினும் அது வழக்கமான கார்சினாய்டு ஆகாது.

பெருஞ்செல்லுக்கும் சிறுசெல்லுக்கும் இடையிலான எல்லையே இன்றளவும் மங்கலாக உள்ளது. அமைதிநிலை லிம்ஃபோசைட்டு மூன்றன் விட்டத்திற்கு உட்பட்டது சிறுசெல் என்பது வழக்கமான அளவுகோல். செல்களை அளந்து பார்த்த ஆய்வுகள் இரு வகைகளின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று கவிவதைக் காட்டின. பெரிது, சிறிது என்னும் சொற்கள் இங்கு அளவைப் பெயர்களாக அன்றி, உட்கரு, செல்பொருள், அமைப்பு ஆகிய பல கூறுகளின் தொகுப்புப் பெயர்களாகவே செயற்படுகின்றன.

இடம் மாறிய பெயர்

1999ஆம் ஆண்டின் பகுப்பு இப்புதிய வகையை ஏற்றது. ஆயின் பெருஞ்செல் கார்சினோமாவின் கீழ் ஒரு திரிபாக வைத்தது. 2004ஆம் ஆண்டிலும் அவ்விடமே. பெயரில் 'பெருஞ்செல்' என இருந்தமையால் அக்குடும்பத்தில் சேர்ந்தது போலும். அதன் விளைவு, மருத்துவர் பார்வையில் அது 'சிறுசெல் அல்லாத' புற்றாயிற்று. அறுவைக்குப்பின் விரைந்து மீள்வதிலோ அது சிறுசெல்லையே பெரிதும் ஒத்திருந்தது. 2015ஆம் ஆண்டின் பகுப்பில்தான் அது பெருஞ்செல் குடும்பத்திலிருந்து எடுக்கப்பட்டுக் கார்சினாய்டுகளோடும் சிறுசெல் கார்சினோமாவோடும் ஒரே தலைப்பின்கீழ் வைக்கப்பட்டது. பெயரில் ஓரெழுத்தும் மாறவில்லை. இடம் மாறியதால் பொருள் மாறிற்று. 1999ஆம் ஆண்டின் நூலில் 'பெருஞ்செல்' என்பது இனப்பெயர். 2015ஆம் ஆண்டின் நூலில் அதுவே வேறுபடுத்தும் அடை.

2021ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் மற்றொரு நுட்பமான மாற்றம் நேர்ந்தது. 2015இல் 'நியூரோஎண்டோகிரைன் டியூமர்கள்' என்பது நான்கு வகைகளுக்கும் பொதுத் தலைப்பு. 2021இல் பொதுத்தலைப்பு 'நியோபிளாசம்' ஆயிற்று. 'டியூமர்' என்பது கார்சினாய்டுகளை மட்டும் குறிக்கும் சிறப்புப்பெயராகச் சுருங்க, 'கார்சினோமா' அதற்கு எதிரிணை ஆயிற்று. இவ்விரு பதிப்புகளையும் சார்ந்த கட்டுரைகளில் 'டியூமர்' என வருமிடமெல்லாம் 'கட்டி' என்றே எழுதிச் செல்லும் மொழிபெயர்ப்பு, கொடிய புற்றையும் மெல்ல வளர்வதையும் ஒன்றாக்கிவிடும்.

மரபணு ஆய்வு இப்பெயரின் ஒருமையையே ஐயுறச் செய்தது. 2016ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் வெளிவந்த ஆய்வுகள், இப்புற்றுகளுள் ஒரு பகுதியில் டி.பி.53, ஆர்.பி.1 என்னும் மரபணுக்கள் சிறுசெல்லில் போலவே பழுதுற்றிருப்பதையும், மற்றொரு பகுதியில் எஸ்.டி.கே.11, கே.ராஸ் முதலியவை சுரப்பிக் கார்சினோமாவில் போலப் பழுதுற்றிருப்பதையும் காட்டின. எந்த மருந்துமுறை ஏற்றது என்பதில் மருத்துவர்தம் கருத்து வேறுபட்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் நேரும் இடர்கள்

மராத்தி முதலிய மொழிகள் நண்டின் பெயர்வழி 'கர்க்கரோகம்' என்றன. மலையாளம் வடமொழியின் 'அர்புதம்' என்பதைக் கொண்டது. தமிழ் மட்டும் கறையான் எழுப்பும் புற்றைத் தன் உவமையாகக் கொண்டு 'புற்றுநோய்' என்றது. வளரும் கட்டிக்கு இது நண்டைவிடப் பொருத்தமான உவமை என்பதில் ஐயமில்லை. ஆனால் 'கேன்சர்', 'கார்சினோமா', 'மாலிக்னன்ட் டியூமர்' ஆகிய மூன்றுக்கும் ஒருங்கே 'புற்றுநோய்' எனவும், சார்கோமாவுக்குச் 'சதைப்புற்று' எனவும் எழுதும் வழக்கு வரலாற்று நூல்களில் இடர் தருகிறது. பார்னார்டின் 1926ஆம் ஆண்டுக் கட்டுரையை இவ்வழக்கில் பெயர்த்தால், 'சதைப்புற்று எனப்பட்டது உண்மையில் புற்றே' என்னும் பொருளற்ற முடிவு கிடைக்கும். பகுப்புபற்றிய எழுத்தில் கார்சினோமா, சார்கோமா இரண்டையும் கடன்சொற்களாகவே ஆள்வதும், பொதுமக்களுக்கான எழுத்தில் புற்றுநோய் என்பதை ஆள்வதுமே தக்க வழி.

'செல்' என்பதற்குத் தமிழகத்தில் 'உயிரணு' என்றும், இலங்கைப் பாடநூல்களில் 'கலம்' என்றும் வழங்குவதால், 'சிறுசெல்', 'சிறுகலம்' என்பன இருவேறு நோய்களோ என ஐயுற இடமுண்டு. இது சிறு சிக்கலே; ஒரு முன்குறிப்பால் தீரும். 'எண்டோகிரைன்' என்பதற்கு வழங்கும் 'நாளமில்லாச் சுரப்பி' அத்தகையதன்று. மூலச்சொல்லின் பொருள் 'உள்ளே சுரப்பது'. பழைய ஆங்கிலப் பாடநூல்களின் 'நாளமற்ற சுரப்பி' என்னும் மாற்றுப்பெயரின் வழியாகத் தமிழ்ச்சொல் எழுந்தது. தைராய்டு முதலிய சுரப்பிகளுக்கு அது பொருந்தும். மூச்சுக்குழல் படலத்தில் தனித்தனியே சிதறியிருக்கும் செல்களுக்கு நாளம் உண்டா இல்லையா என்னும் வினாவே எழாது. அவை சுரப்பியும் அல்ல. 'நரம்பு நாளமில்லாச் சுரப்பிப் புற்று' என்று எழுதினால் நரம்பிலோ தைராய்டிலோ தோன்றிய புற்று எனப் படிப்பவர் மயங்குவர். அதற்கு மாறாக 'நரம்பு-அகச்சுரப்பு' என்பது பண்பை மட்டும் சொல்லி உறுப்பைச் சொல்லாது விடுகிறது. முதல் ஆட்சியில் அதனோடு 'நரம்பை ஒத்த' என ஒரு விளக்கம் சேர்த்தல் நன்று.

புதிய பெயர்கள் உருவத்தையும் விட்டு மரபணுவைப் பற்றுகின்றன. 2015ஆம் ஆண்டின் பகுப்பில் இடம்பெற்ற 'நட் கார்சினோமா' மிக அரிய, மிகக் கொடிய மற்றொரு நுரையீரல் புற்று. இதிலுள்ள 'நட்' என்பது விந்தகத்தில் காணப்படும் ஓர் உட்கருப் புரதத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துத் தொகுப்பே. கொட்டையோ பருப்போ அன்று. ஓட் தானியத்தின் கதையைக் கேட்டறிந்த மொழிபெயர்ப்பாளரே இதனையும் உணவுப்பொருள் உவமை எனக் கொள்ளும் வாய்ப்பு மிகுதி. அங்குத் தானியத்தைப் பெயர்க்காதது குறையாகலாம். இங்குப் பெயர்த்தால் பிழை.

இறுதியாக, திசு அறிக்கையின் வினைமுற்றுகள்பற்றி ஒன்று. பெருஞ்செல் நரம்பு-அகச்சுரப்புக் கார்சினோமாவின் வரையறை கூடு, வேலி, இதழ்வட்டம் ஆகிய அமைப்புகளைக் கேட்கிறது. ஊசியால் எடுத்த சிறு துணுக்கில் அவை பெரும்பாலும் அகப்படுவதில்லை. ஆகவே சிறு துணுக்குகளில் இப்பெயரை உறுதியாக எழுதாமல், சிறுசெல் அல்லாத கார்சினோமா எனக் குறித்து, 'இவ்வகையாக இருத்தல் கூடும்' என்னும் தொடரைச் சேர்க்குமாறு 2015ஆம் ஆண்டின் நூல் வழிகாட்டுகிறது. அறிக்கையைத் தமிழாக்குவோர் சுருக்கம் கருதி இத்தொடரை விட்டுவிடுவதும் உண்டு. 'எனத் தெரிகிறது' என மாற்றிவிடுவதும் உண்டு. 'கூடும்' என்பது அங்கு நோயியலாரின் பணிவுரை அன்று. மீண்டும் ஒரு துணுக்கு எடுப்பதா, இருக்கும் துணுக்கைக் கொண்டே மருந்தைத் தொடங்குவதா என்பதை மருத்துவர் அவ்வொரு சொல்லைக் கண்டே முடிவு செய்கின்றார்.